சூடேறும்வரை

ஈயம் உருகிப் புகை எழும்பியதும் தெஷிமா மூச்சைப் பிடித்துக்கொண்டார். சாப்பாட்டு மேசை மேல் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் உள்ளங்கை அகல மின்சுற்றுப் பலகை ஒன்று. சூடான பற்றவைப்புக் கம்பியின் நுனி பலகையைத் தொடாமல் அதைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"கையை நடுக்காதீங்க," என்றார் ஒபாதா, டார்ச்சைப் பிடித்தபடி.

"நான் எங்க நடுக்கறேன் தலைவரே? அதுவா நடுங்குது."

"அப்ப அதுகிட்டச் சொல்லுங்க."

யாசுயோ தேநீர்க் கோப்பைகளைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு உள் அறைக்குத் திரும்பினாள். நடுவிலிருந்த தள்ளுகதவைக் காலையிலேயே கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். வாடகைக்கு எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கணவர் மொரிஹிகோ வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மூச்சுவிட்டுக் கொண்டிருந்தார். ஈயப் புகை அவர் பக்கம் போனபோது மூக்கு லேசாக விரிந்தது போலிருந்தது. விரிந்தது என்றே யாசுயோ வைத்துக்கொண்டாள்.

காலையில் வந்த நர்ஸம்மா அவருடைய பாதங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, போர்வையைச் சரியாக இழுத்து மூடினாள். "இன்னைக்குள்ள இருக்கும்னு தோணுதும்மா. காது மட்டும் கடைசி வரைக்கும் கேட்கும். ஏதாவது பேசிக்கிட்டே இருங்க" என்றாள். அவள் படியிறங்கும் முன்பே யாசுயோ ஒபாதாவுக்குப் போன் செய்துவிட்டாள். சொந்தக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மொரிஹிகோவுக்குக் குடிநீர் வாரியத்தில் காதுதான் வேலை. ஊர் அடங்கியபின் நீளமான இரும்புக் கோலைத் தெருவில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்து, மண்ணுக்கடியில் எந்தக் குழாய் எங்கே கசிகிறது என்று சொல்லுவார். அப்படிப்பட்ட மனிதர் ஓய்வுபெற்றதும் தூய ஒலி ஆராய்ச்சிக் கழகத்தில் சேர்ந்தார். இந்தக் கழகத்தில் ஒரு காலத்தில் இருபது பேர் இருந்தார்கள். கொள்கை வேறுபாட்டால் பாதிப் பேர் போனார்கள், மீதிப் பேரை வயது கொண்டுபோயிற்று. எஞ்சிய மூவரில் ஒருவர் தலைவர், ஒருவர் செயலாளர், மொரிஹிகோ பொதுக்குழு.

பழைய ரேடியோவில் இருப்பதுபோன்ற கண்ணாடி வால்வு வைத்த ஆம்ப்ளிஃபையர் ஒன்றை வீட்டிலேயே செய்து ஹெட்ஃபோனில் பாட்டுக் கேட்பது என்று நாலு வருஷத்துக்கு முன் பொதுக்குழு முடிவெடுத்தது. எதைச் செய்வது என்பதுதான் முடிவாகவில்லை. டிரான்ஸ்ஃபார்மர் வைத்துச் செய்ய வேண்டும் என்பார் தெஷிமா. டிரான்ஸ்ஃபார்மர் வைத்துக் கேட்பது சட்டையோடு குளிப்பது மாதிரி என்பார் ஒபாதா. மொரிஹிகோ இருவர் சொல்வதையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு வந்து, வரைபடங்களைப் பாயில் பரப்பிவைத்துக்கொண்டு உட்காருவார். அகிஹபாரா மின்சாதனக் கடைத்தெருவுக்குப் போய் வால்வுகளைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவார். கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட இவ்வளவு யோசிக்கவில்லை என்று யாசுயோ சொல்லிக் காட்டுவாள். "அப்ப எனக்கு இவ்வளவு விவரம் தெரியாது" என்பார்.

இத்தனையும் ஒரே ஒரு இசைத்தட்டுக்காக. அதில் பாட்டுகூடக் கிடையாது. கெய்ராகு என்கிற நகைச்சுவைக் கதைசொல்லி, மெத்தைத் துண்டில் மண்டியிட்டு உட்கார்ந்து ஊரையே சிரிக்க வைத்தவர், கடைசியாகக் கதை சொன்ன அன்றைய ஒலிப்பதிவு. அன்றைக்கு இருவருக்கும் டிக்கெட் வாங்கி வைத்திருந்தார் மொரிஹிகோ. கிளம்புகிற நேரம் எங்கேயோ குழாய் உடைந்து வாரியத்திலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். யாசுயோ தனியாகப் போய், நாலாவது வரிசையில் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு வந்தாள். கதைசொல்லி இறந்தபின் அது இசைத்தட்டாக வந்தது. மொரிஹிகோ வாங்கினார், ஆனால் உறையைப் பிரிக்கவில்லை.

"இருக்கிற பெட்டியில போட்டுக் கேளுங்களேன்."

"அதுல கேட்டா ஐந்நூறு பேரும் ஒரே ஆள் மாதிரி சிரிப்பாங்க. நல்ல ஆம்ப்ளிஃபையர் இருந்தா நாலாவது வரிசையில உன் சிரிப்பைத் தனியாப் பிடிச்சிடுவேன்."

"பிடிச்சு?"

"நான் இல்லாதப்ப நீ எப்படிச் சிரிக்கிறேன்னு பார்க்கணும்."

அதனால்தான் காலையில், இரண்டு வயசாளிகளும் கையில் தொப்பியோடு வாசலில் நின்றபோது, யாசுயோ சுற்றி வளைக்கவில்லை.

"இன்னைக்கே முடியறது எது?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கழகம் தொடங்கிய நாளிலிருந்து இப்படியொரு கேள்வி அவர்கள் முன் வந்ததில்லை. ஓசையின் அகலம் பற்றிக் கேட்டிருக்கிறார்கள், ஆழம் பற்றிக் கேட்டிருக்கிறார்கள்.

"ஒண்ணு இருக்கு," என்றார் தெஷிமா மெதுவாக. "முன்னால வால்வு, பின்னால டிரான்சிஸ்டர். சாமான் எல்லாம் ஒரே டப்பாவுல வரும். கடையில இருக்கு."

"கலப்படம்!" என்றார் ஒபாதா.

"கேட்குமா கேட்காதா?" என்றாள் யாசுயோ.

"கேட்கும். கேட்கறதுன்னு பார்த்தா, கேட்கும்."

"அதை வாங்கிட்டு வாங்க."

மதியத்துக்குள் தெஷிமா ரயிலேறிப் போய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். இப்போது சாயங்கால வெளிச்சம் சன்னலை விட்டு இறங்கும் நேரம் கடைசிப் புள்ளியும் ஒட்டியது. சுண்டுவிரல் பருமனில் இரண்டு கண்ணாடி வால்வுகளைக் குழியில் செருகி, தெஷிமா சுவிட்சைத் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கண்ணாடிக்குள் இரண்டு செம்புள்ளிகள் தயங்கித் தயங்கி வந்தன.

"ஏங்க, எரியுது," என்றாள் யாசுயோ கட்டில் பக்கம் திரும்பி.

ஆம்ப்ளிஃபையரைக் கட்டிலருகே ஸ்டூலில் கொண்டுவந்து வைத்து, பழைய இசைத்தட்டுப் பெட்டியோடு இணைத்தார்கள். ஹெட்ஃபோனைப் புதுப் பெட்டியிலிருந்து எடுத்து அவர் தலைப்பக்கம் கொண்டுபோனபோது ஒபாதா கையை நீட்டித் தடுத்தார்.

"ஒரு மணி நேரம்."

"என்னது?"

"சூடேறணும்மா. குளிர்ந்த வால்வுல கேட்டா ஓசை விறைச்சுப்போய் இருக்கும். நாலு வருஷம் காத்திருந்த மனுஷன். அவருக்குப் போய்ப் பச்சைக் காயையா நறுக்கிக் கொடுக்கறது?"

"தலைவரே, இது பாதி டிரான்சிஸ்டர்..." என்றார் தெஷிமா.

"மீதிப் பாதிக்காவது மரியாதை கொடுக்கலாம்."

டிரான்ஸ்ஃபார்மர் விஷயம் முடிவாகாமலே போய், கலப்பட விஷயத்தில் தோற்று, ஒபாதாவுக்கு நிற்பதற்கென்று மிஞ்சிய இடம் அது ஒன்றுதான். அவரே சமையலறைக்குப் போய், முட்டை வேகவைக்க யாசுயோ வைத்திருந்த, நேரம் வைத்தால் அடிக்கும் கோழிக்குஞ்சு வடிவ மணியை எடுத்துவந்து, ஒரு மணி நேரம் முறுக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

யாசுயோ ஹெட்ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் பேச்சைத் தட்டிவிட்டு இசைத்தட்டைப் போட்டிருக்கலாம். ஆனால் மொரிஹிகோவுக்குப் பேச வாய் இருந்தால் அவரும் இதையேதான் சொல்லியிருப்பார் என்று அவளுக்குத் தெரியும். பொறு, சூடேறட்டும், அவசரப்பட்டா கெட்டுடும். அந்தக் குரல் அவளுக்கு நன்றாகவே கேட்டது.

குஞ்சு டிக்டிக்கென்றது. மொரிஹிகோவின் மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையில் வரவர நீளமான இடைவெளிகள் வந்தன.

"ஒபாதா ஐயா, இப்பவே போட்டுடலாமே."

"பாதி தாண்டிடுச்சும்மா. இன்னும் கொஞ்சம்."

"ஏங்க," என்றாள் யாசுயோ குனிந்து, "சூடேறிக்கிட்டு இருக்கு. இருங்க."

அவர் ஒரு மூச்சு விட்டார். அடுத்ததற்காக மூவரும் காத்திருந்தார்கள். தெஷிமாதான் முதலில் தலையைக் குனிந்தார்.

யாசுயோ அவர் கையைப் பிடித்தபடியே இருந்தாள். நெடுநேரத்துக்குப் பிறகு ஒபாதாவின் மடியில் குஞ்சு கிர்ரென்று கத்தத் தொடங்கியது. அவர் பதறி அதைத் திருகினார், அமுக்கினார், தலையைப் பிடித்து முறுக்கினார். அது நிற்கவில்லை. கடைசியில் அதை மெத்தைத் துண்டுக்கடியில் தள்ளி அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். தலைவருக்கடியிலிருந்து அது கொஞ்ச நேரம் முனகிவிட்டு ஓய்ந்தது.

டாக்டர் வந்து, கண்ணில் விளக்கடித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்லிப் போனார். யாசுயோ கடைசித் தண்ணீராகக் குச்சியில் பஞ்சு சுற்றித் தண்ணீரில் தோய்த்து மொரிஹிகோவின் உதடுகளை நனைத்தாள். அடுத்து தெஷிமா நனைத்தார். குச்சி தன்னிடம் வந்தபோது ஒபாதா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"நான் எப்படிம்மா..."

"நனையுங்க. உதடு காய்ஞ்சிருக்கு."

அவர் நனைத்தார். அவர் கையும் நடுங்கியது. தெஷிமா அதைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை.

இறுதிச் சடங்குக்காரர்கள் அனுப்பிய இளைஞன், கறுப்பு உடுப்பும் வெள்ளைக் கையுறையுமாக, உடலைக் குளிர வைக்க உலர்பனிக்கட்டிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து கும்பிட்டான். அறை குளிர்ந்திருக்க வேண்டும் என்று சொல்லி ஹீட்டரை அணைத்தான், சன்னலைத் திறந்தான். ஸ்டூல் மேலிருந்த ஆம்ப்ளிஃபையர்மேல் கையைக் காட்டிப் பார்த்தான்.

"இதுவும் சூடா இருக்குதும்மா. அணைச்சிடவா?"

ஒபாதா தரையைப் பார்த்தார்.

"வேண்டாம்," என்றாள் யாசுயோ. "இப்பத்தான் பக்குவமாயிருக்கு."

அவள் எழுந்து போய் இசைத்தட்டை எடுத்துவந்தாள். மேல் உறை நகத்துக்கு வழிவிடவில்லை. தெஷிமா கம்பி வெட்டும் குறட்டால் ஓரத்தை நறுக்கிக் கொடுத்தார். தட்டைச் சுழலவிட்டு, ஹெட்ஃபோனைக் கையில் எடுத்து மொரிஹிகோவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அதைத் தன் தலையில் மாட்டிக்கொண்டு, அவர் பக்கமாகத் திரும்பி மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

அறையில் சன்னல் காற்றின் சத்தம் மட்டும் இருந்தது. அவள் காதோரத்திலிருந்து மணல் சரிவது போல ஏதோ கசிந்தது. அரங்கமே கைதட்டுவதாக இருக்கலாம். இளைஞன் பனிக்கட்டிப் பெட்டியைத் திறந்து ஓரடி முன்னே வந்தான். யாசுயோ திரும்பாமலே உள்ளங்கையை உயர்த்தி அவனை நிறுத்தினாள்.

கழகத்தில் யார் முதலில் ஹெட்ஃபோன் மாட்டினாலும் ஒபாதா முன்னால் சாய்ந்து, "எப்படிக் கேட்குது?" என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்பார். இப்போதும் வாய் திறந்தது. அப்படியே மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் யாசுயோவின் தோள் ஒருமுறை குலுங்கியது. "ஹூம்" என்று ஒரு சின்னச் சிரிப்பு, மூக்கு வழியாக வந்துவிட்டது. உயர்த்திய கையை அவள் இறக்கவில்லை.

திறந்த பனிக்கட்டிப் பெட்டியிலிருந்து வெண்புகை வழிந்து, பாய்மேல் தவழ்ந்து, மண்டியிட்டிருந்த இரண்டு கிழவர்களின் முழங்கால்களைத் தொட்டது. அவர்கள் கால் மரத்துப்போய் வெகுநேரமாகியிருந்தது. யாரும் அசையவில்லை.