யோத்தே போட்ட வெள்ளரிக்காய்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. எங்கள் அடுக்குமாடியின் பொதுச் சலவை அறையில், கையில் மாவுக்கட்டோடு படுக்கை விரிப்பை மடிக்கத் திண்டாடிக்கொண்டிருந்தாள் மாய்கென். மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தேன். அதற்குக் கூலியாகக் கதை கிடைத்தது. "நீதான் எழுதுவியே, இதையும் எழுதிக்கோ" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தபோதுதான் இதில் சிரிக்க ஒன்றுமே இல்லை என்று உறைத்தது.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: "எங்கள் அர்பூகா நகரத்தின் மேல் இலையுதிர்காலம் பொன்னிறமாக..." சே! வெள்ளரிக்காய்க் கதைக்கு வானம் எதற்கு?

இரண்டாவது முயற்சி: "யோத்தே தன் மனைவி மாய்கெனை மிகவும் நேசித்தான்." இது உண்மைதான். அதனால்தான் இதை எழுத இவ்வளவு கூச்சமாக இருக்கிறது.

2

மூன்றாவது தொடக்கத்தை வைத்துக்கொள்கிறேன்.

யோத்தேயின் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அடுப்பில் வாட்டிய முழுக் கோழி, அவித்த உருளைக்கிழங்கு, பாலேடு சேர்த்த குழம்பு, பக்கத்தில் ஒரு கிண்ணம் வெள்ளரிக்காய் ஊறுகாய். மாய்கென் வெள்ளரிக்காயை மெல்லிசாகச் சீவி உப்புத் தூவி, மேலே தட்டும் பாரமும் வைத்து அமுக்குவாள். நீரைப் பிழிந்துவிட்டு, வினிகரும் சர்க்கரையும் தண்ணீரும் கலந்து ஊற்றுவாள். காலையில் போட்டால் மதியம் தயார். அந்தக் கிண்ணம் மேசையில் கைமாறும்போதெல்லாம் யோத்தே சொல்வான்:

"பாத்துப்பா, புளிப்புல பல்லு கூசிடும், கழட்டி வெச்சிட்டு சாப்பிடுங்க. மாய்கென் கைப்பக்குவம்!"

முப்பது வருஷமாக இதே பேச்சு. முப்பது வருஷமாக எல்லோரும் சிரித்தார்கள், மாய்கென் உட்பட.

(முதல் பிரதியில் யோத்தேயை 'அவர்' என்றும் மாய்கெனை 'அவள்' என்றும் எழுதியிருந்தேன். இரண்டு பேருக்கும் ஒரே வயது, அறுபதைத் தாண்டியாயிற்று. கை தன்பாட்டுக்கு அப்படி எழுதியிருக்கிறது. இப்போது அவனிடமிருந்தும் மரியாதையைப் பிடுங்கிவிட்டேன். அவளுக்குக் கொடுக்கத் தோன்றவில்லை, பாருங்கள்.)

3

மாய்கென் படியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். அந்த வார இறுதியில் சிக்ஸ்டனும் அவன் மனைவி குன்வோரும் வருவதாக இருந்தது. பழைய சிநேகிதர்கள், வருஷா வருஷம் வருகிறவர்கள்.

"கோழிய நான் சொல்லச் சொல்ல நீ செஞ்சிடு, யோத்தே. வெள்ளரிக்காய் இந்தத் தடவ வேணாம்."

"ஏன், நான் போடறேன். வெள்ளரிக்காய் சீவறதுல என்ன பெரிய வித்த இருக்கு?"

"அதில்ல, அந்த வினிகர..."

"எல்லாம் எனக்குத் தெரியும், நீ போய் உக்காரு. ஆனா ஒண்ணு. நான் போட்டேன்னு சொல்லிடாத. அவங்க ஆகா ஓகோன்னு பாராட்டட்டும், அப்புறம் நானே சொல்றேன். சிக்ஸ்டன் மூஞ்சி போற போக்கப் பாக்கணும்!"

குஷியாகச் சீவினான், அமுக்கினான், பிழிந்தான். அலமாரியில் வினிகர் தீர்ந்திருந்தது. பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இன்னொரு போத்தல் கிடைத்தது. அதிலிருந்து வழக்கமான அளவை ஊற்றினான்.

(எங்கள் கடைகளில் வினிகர் இரண்டு வலுவில் கிடைக்கும். தொட்டிக்குக் கீழே இருப்பது இரட்டை வலு, காபி இயந்திரத்தில் படியும் உப்பைக் கரைக்க வைத்திருப்பது. சாப்பாட்டில் ஊற்றுவதானால் சரிபாதி தண்ணீர் கலக்க வேண்டும். இது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், அதாவது சமைக்கிற எல்லோருக்கும்.)

"அவன் ஒரு துண்டை எடுத்து வாயில்" என்று எழுதி, அடித்துவிட்டேன். யோத்தே ருசி பார்க்கிற ஆளில்லை. சாப்பிட உட்கார்ந்து ருசி சொல்கிற ஆள்.

4

சாப்பாட்டு மேசை. மாவுக்கட்டுக் கையோடு மாய்கெனே எல்லாம் செய்தாள் என்று விருந்தாளிகள் நினைத்தார்கள். யோத்தேயைத் தெரிந்தவர்கள் வேறெப்படி நினைப்பார்கள்?

சிக்ஸ்டன் ஒரு வாய் வைத்தான், கண்ணில் நீர் முட்டியது. குன்வோர் தண்ணீரைக் கடகடவென்று குடித்துவிட்டு "நல்லாருக்கு" என்றாள். மாய்கென் தன் பங்கை ஒரு துண்டு விடாமல் தின்றாள். அதைப் பார்த்த பிறகுதான் யோத்தே வாயில் போட்டான். தொண்டையைப் பிடித்துக்கொண்டது.

இங்கே வீட்டுக்காரிக்கு இடப்பக்கம் உட்காரும் ஆண் விருந்தாளி, கடைசியில் சாப்பாட்டுக்கு நன்றி சொல்லி நாலு வார்த்தை பேச வேண்டும். சிக்ஸ்டன் எல்லோரும் கவனிக்கக் கோப்பையைத் தட்டினான்.

"மாய்கென், கோழி அபாரம்! ஆனா வெள்ளரிக்காய் இருக்கே... யோத்தே இத்தன வருஷமா விளையாட்டுக்குச் சொல்றான்னு நெனச்சேன். பாவம் மனுஷன், உண்மையத்தான் சொல்லியிருக்கான்! ஒத்தக் கையிலயே இந்தப் போடு போடறியே, ரெண்டு கையும் இருந்திருந்தா நாங்க வீடு போய்ச் சேந்திருப்போமா?"

மேசையே குலுங்கிச் சிரித்தது. மாய்கென் தலையைத் தூக்கி யோத்தேயைப் பார்த்தாள். சொல்லாதே என்று அவன் முன்பே கேட்டுக்கொண்டிருந்தான், அவள் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

5

முடிவு (அ): அவன் வாயைத் திறக்கவில்லை.

எழுத இதுதான் சுலபம், யாரும் நம்புவார்கள். ஆனால் அவன் பேசினான் என்று மாய்கெனே என்னிடம் சொன்னாள். அதை மறைத்தால் அவனுக்குத் துரோகம்.

"நான்தான் போட்டேன்" என்றான்.

குன்வோர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"அடடா! பாத்தியா சிக்ஸ்டன்? பொண்டாட்டிய விட்டுக்குடுக்காம பழியத் தன் தலையில போட்டுக்கறாரு. நீயும் இருக்கியே!"

"இல்ல குன்வோர், நெசமாவே நான்தான்."

"போதும்டா, நம்பிட்டோம்!" என்று சிக்ஸ்டன் கண்ணடித்தான். "வெந்நீரையே தீய வைக்கிறவன், நீயா போட்ட?"

யோத்தேக்குக் காது மடல் எரிந்தது. உண்மையைச் சொல்லி நல்ல பேரை வாங்கிக்கொண்டான், அதுவும் மாய்கெனின் கணக்கில். அவர்கள் நம்ப வேண்டுமானால் தொட்டியடிப் போத்தலைச் சொல்ல வேண்டும், பாராட்டு வாங்கப் போட்ட திட்டத்தைச் சொல்ல வேண்டும். அதற்கும் மேலே ஒன்றைச் சொல்ல வேண்டும். மாய்கெனின் வெள்ளரிக்காய் ஒருநாளும் பல்லைக் கூச வைத்ததில்லை. மிஞ்சியதை மறுநாள் ரொட்டிமேல் அடுக்கித் தின்று தீர்ப்பவன் அவன்தான். பிறகு ஏன் அப்படிச் சொன்னான்? முதல் தடவை சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். வேறு காரணமே இல்லை. வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

6

"நீயே சொல்லு மாய்கென்" என்றாள் குன்வோர். "யாரு போட்டது?"

மாய்கென் எனக்குச் சொன்னது இதுவரைதான். மீதி என் கைச்சரக்கு.

(ஆ) "அவன்தான்" என்கிறாள். அவளையும் நம்பவில்லை, ஆதர்ச தம்பதி என்று கைதட்டுகிறார்கள்.

(இ) கிண்ணத்தைத் தூக்கி சிக்ஸ்டன் தலையில் கவிழ்க்கிறாள். ஆசையாசையாக அரைப்பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். அது மாய்கென் இல்லை, நான்.

(ஈ) "யார் போட்டா என்ன, காபி குடிக்கலாம் வாங்க" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போகிறாள். இதுதான் நடந்திருக்கும். அதனாலேயே எழுதப் பிடிக்கவில்லை.

ஆகவே முடிவு உங்கள் பொறுப்பு. இல்லை, எல்லோர் பொறுப்பும் இல்லை. உங்கள் வீட்டிலும் விருந்தாளி முன்னால் ஒருத்தியின் சமையலோ கணக்கோ பாட்டோ நிரந்தரக் கேலியாக இருந்து, அதை எடுத்துவிடுகிற ஆள் நீங்களாகவும் இருந்தால், தயவுசெய்து பேனாவைத் தொடாதீர்கள். இந்தத் தாளை அப்படியே அவளிடம் கொடுங்கள், கீழே இடம் விட்டிருக்கிறேன். பக்கத்தில் நின்று எதையும் எடுத்துக்கொடுக்க வேண்டாம். படித்துவிட்டு அவள் சிரித்தால், அதை முடிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.