பாமினியில் ஒரு செய்தி

மதுசனின் படகு எந்தப் பக்கம் போனது என்று உடனே சொல்லியாக வேண்டும். அது தெரிந்தது மீனவர் சங்கத்துக் கம்ப்யூட்டருக்கு மட்டும். அதுவோ சனிக்கிழமை காலையில் வாய் திறக்கமாட்டேன் என்று அடம்பிடித்தது.

றிஷானா எட்டு மணிக்கே உள்துறைமுகத்துப் பக்கம் இருந்த சங்க அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். ஓர்ஸ் ஹில்லில் கம்ப்யூட்டர் திருத்தும் கடை வைத்திருப்பவள். போன திங்கட்கிழமை இந்த மெசினுக்குப் புதிய இயங்குதளம் போட்டுக் கொடுத்ததும் அவள்தான். அன்றைக்குப் பின்னேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடியது. இப்போது படகுப் பதிவு என்ற அந்தப் பழைய செயலியைத் திறந்தால் திரையில் ஒரு சின்னப் பெட்டி வருகிறது. ஓகே அழுத்தினால் திரை வெளுத்துப்போய் அப்படியே நின்றுவிடுகிறது.

சுவரோரக் கதிரையில் மதுசனின் தாய் இன்பமலர் இருந்தார். மடியில் செபமாலை கிடந்தது, கை அதைத் தொடவில்லை. மகனும் இன்னும் மூன்று பேரும் ஆழ்கடலுக்குப் போய்ப் பதினாலு நாள். செவ்வாய்க்கிழமை விடியவே திரும்பியிருக்க வேண்டும். கடலுக்குப் போனவனை ஏன் இன்னும் காணவில்லை என்று வாய்விட்டுக் கேட்பதே அந்த வீட்டில் ஆகாத காரியம். அதனால் மனுசி நாலு நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். நாள் பிந்தினால் சங்கத்து மெசின் சொல்லும்தானே என்று ஊருக்கும் ஒரு நம்பிக்கை. இன்று விடியத்தான் பொறுக்க ஏலாமல் ஓடி வந்தார்.

தேடுதலுக்குப் பொறுப்பான அதிகாரி தொலைபேசியில் மரியாதையாகத்தான் கதைத்தார். கடல் சின்னக் குளமில்லை, இடம் தெரியாமல் கப்பலை எங்கே அனுப்புவது என்று கேட்டார். புறப்படும்போது படகுக்காரர் சொல்லும் இடம் செயலிக்குள்தான் ஏறும். கையால் எழுதும் கொப்பியில் பெயரும் கையெழுத்தும் மட்டும்தான்.

செயலியை எழுதியவர் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னமே கனடாவுக்குப் போய்விட்டார். மூல நிரலையும் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனாரோ என்னவோ, இங்கே ஒருவரிடமும் இல்லை. றிஷானா மெசினைப் பழைய இயங்குதளம் மாதிரி நடிக்கவைத்துப் பார்த்தாள். அழித்துவிட்டுத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அந்தப் பெட்டி வந்தது, ஈயை விரட்டுவதுபோல ஓகே அழுத்தி அதை விரட்டினாள். இரண்டு மணித்தியாலம் இப்படியே போனது. அவளுக்கு அழுகை வந்தது, கோபம் என்று காட்டிக்கொண்டாள்.

பிறகுதான் செய்ய வேண்டியதைச் செய்தாள். நின்றுபோன செயலி அனேகமாக எதற்காகவோ காத்துக்கொண்டு நிற்கும். எதற்காக என்று காட்டும் கருவியொன்றை இறக்கி ஓடவிட்டாள். செயலி மோடத்தைத் தேடிக்கொண்டிருந்தது. தொலைபேசிக் கம்பி வழியாகச் செய்தி அனுப்புகிற அந்தப் பழைய சாமானைத் திங்கட்கிழமை குப்பையென்று கழற்றி அலுமாரிக்குள் வைத்தவளும் அவள்தான். கிடைக்கும்வரை திரும்பத் திரும்பக் கூப்பிடு என்று எழுதிவைத்திருக்கிறார் அந்தக் கனடாக்காரர். அதுவும் சளைக்காமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

யாரைக் கூப்பிடுகிறது என்று பார்த்தாள். துறைமுகத்து அவசர இலக்கம். செயலியை மூடித் திரும்பத் திறந்து, இத்தனை நேரம் விரட்டிக்கொண்டிருந்த பெட்டியை அப்போதுதான் முகம் பார்த்தாள், எழுத்துகளைக் கடதாசியில் குறித்தாள்.

glF tutpy;iy

பாமினி. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேசம் போட்டுக் காட்டுகிற பழைய எழுத்துரு. புதிய இயங்குதளத்தில் அதைப் போட அவள் மறந்துவிட்டாள். வேசம் கலைந்து வெறும் எழுத்து நிற்கிறது. கிண்ணியாவில் தட்டச்சு வகுப்புக்குப் போன காலத்தில் பாமினியில் பக்கம் பக்கமாக அடித்தவள் அவள். கண்ணுக்குப் புரியாததை விரல்கள் மேசையில் அடித்துப் பார்த்தன. ப. ட. கு.

படகு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை சங்கத்துக் கிளார்க் சுதர்ஷிகா அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தாள். அர்த்தமில்லாத இங்கிலீஸ் எழுத்தோடு ஒரு பெட்டி வருகிறது, ஜீ, எல், எஃப் என்று வாசித்தும் காட்டினாள். றிஷானா அப்போது நிலாவெளி ஹோட்டல் ஒன்றில் வேலையாக நின்றாள். அதெல்லாம் குப்பை, ஓகே அழுத்துங்கோ, வார முடிவில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சிரித்தது அவளுக்கு நல்ல ஞாபகம்.

அந்தப் பழைய மோடம் புதிய இயங்குதளத்தோடு ஒத்துப்போகாது, அதனால் மென்பொருளிலேயே ஒரு பொய் மோடத்தை உருவாக்கிச் செயலிக்குக் கொடுத்தாள். கூப்பிட்டது எடுபட்டதாக நினைத்து அது சமாதானமாகித் திறந்தது. இடம் இலக்கங்களில் இருந்ததால் அப்படியே அதிகாரிக்கு வாசித்தாள். எப்போது திரும்பவேண்டிய படகு என்று அவர் கேட்டார். சொன்னாள். இயந்திரம் நின்றிருந்தால் இந்த மாத நீரோட்டத்தில் நாலு நாளில் அது எங்கேயோ போயிருக்கும், கப்பல் போகும், ஆனால் நம்பிக்கை கொடுக்க ஏலாது என்றார். செவ்வாய்க்கிழமையே தெரிந்திருந்தால் என்று தொடங்கி, முடிக்காமல் வைத்துவிட்டார்.

இன்பமலர் எழுந்து வந்து திரைக்குப் பக்கத்தில் நின்றார். றிஷானா எல்லாவற்றையும் சொன்னாள். மெசின் செவ்வாய்க்கிழமையே சொன்னது, தான்தான் பார்க்காமல் அழுத்தச் சொன்னது, ஒன்றையும் மறைக்கவில்லை. வாசலில் நின்ற சுதர்ஷிகா முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

இன்பமலர் கத்தவில்லை. றிஷானா குறித்துவைத்திருந்த கடதாசியை எடுத்து அந்த எழுத்துகளைக் கனநேரம் பார்த்தார். பிறகு றிஷானாவின் தோளில் கை வைத்தார்.

"இங்கிலீசில சொல்லியிருக்கு. அதுதான் உங்களுக்கு விளங்கேல்ல, என்ன மகள்?"

ஓம் என்று சொல்லிவிடலாம். அந்தக் கை தோளிலேயே இருக்கும்.

"இல்லை அன்ரி," என்றாள் றிஷானா. "தமிழிலதான் சொன்னது."