அதே மாதிரி இன்னொரு பிராக்கெட்

"அக்கா, அந்த உள்மூலையைக் கூரா விடாதீங்க. கொஞ்சம் வளைச்சு விடுங்க," என்றார் மாஸ்டர். அன்றைக்கு இதை எத்தனை தடவை சொன்னோம் என்று அவருக்கே கணக்கு விட்டுப்போயிருக்கும்.

அக்கா தலையை ஆட்டினாள். ஆட்டிவிட்டு, மில்லிங் மெஷினின் கைப்பிடியைச் சுற்றி, அதே மூலையை இன்னும் கூராக ஒரு தடவை வெட்டினாள். அலுமினியத் துணுக்குகள் சுடச்சுட அவள் முன்கையில் தெறித்தன. அவள் தட்டிவிடக்கூட இல்லை.

வகுப்பில் எல்லாருக்கும் அவள் அக்காதான். அவளைவிடப் பத்து வயது சின்னவரான மாஸ்டருக்கு மட்டுமல்ல, கூடப் படிக்கிற, அவளைவிட மூத்தவரான பல் டாக்டருக்கும். மெஷின் வேலையில் அரிச்சுவடி தெரியாதவர்களுக்கான சாயங்கால வகுப்பு அது. பல் டாக்டர் சேர்ந்த நாளிலிருந்து ஒரே ஒரு மெழுகுவர்த்தி ஸ்டாண்டைத்தான் லேத்தில் கடைந்துகொண்டிருந்தார். தொடங்கும்போது மணிக்கட்டுத் தடிமன் இருந்தது, இப்போது பென்சிலாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் கோணல் இருக்கிறது என்று அவர் விடுவதாக இல்லை.

அக்கா சேர்ந்தது தம்பிக்காக. அவளுக்கு வேலை கண்ணாடிக் கடையில், லென்ஸை பிரேமுக்கு ஏற்றபடி தேய்த்து மாட்டுவது. தம்பி ஞாயிற்றுக்கிழமையானால் டர்ட் பைக்கைத் தூக்கிக்கொண்டு மண்மேட்டில் குதிக்கப் போய்விடுவான். ஆள் நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டான், வண்டி வளரவில்லை. ஃபுட்ரெஸ்ட்மேல் எழுந்து நின்று திருப்பினால் முட்டி ஹேண்டில்பாரில் இடிக்கும். ஃபுட்ரெஸ்ட்டை இரண்டு விரல் கீழே, இரண்டு விரல் பின்னே தள்ளி மாட்ட ஒரு பிராக்கெட் இருந்தால் சரியாகிவிடும். அவன் உயரத்துக்குக் கடையில் எதுவும் கிடைக்கவில்லை.

"நான் செஞ்சு தரேன்டா," என்று அவள் சொன்னபோது வீடே சிரித்தது. தம்பி கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான்.

ஆனாலும் செய்துவிட்டாள். இரண்டு பக்கத்துக்கும் ஜோடியாக. மாஸ்டர் கையில் வாங்கி, விரலால் தடவிப் பார்த்து, கடையில் வாங்கியது தோற்றுவிடும் என்றார். அவள் வாயெல்லாம் பல்லாக, லென்ஸ் துடைக்கிற துணியில் சுற்றித் தம்பியிடம் கொடுத்தாள். வண்டி நிற்பது அவன் நண்பன் வீட்டில் என்பதால், மறுவாரம் முழுக்க அவனைத்தான் துளைத்தெடுத்தாள்.

"இடிக்குதா?"

"இடிக்கவே இல்லக்கா. சோபால உக்காந்த மாதிரி இருக்கு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் விழுந்தான். இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. நடப்பான், ஆனால் சாய்ந்து சாய்ந்துதான் நடப்பான் என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

அதற்கடுத்த வகுப்பில் மாஸ்டர் போர்டில் ஒரு மூலையை வரைந்தார். மூலையின் உட்புறத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தார். "விரிசல் பிறக்கிற இடம் இதுதான். கூரா விட்டீங்கன்னா மொத்த பாரமும் இங்க வந்து உக்காரும். வளைச்சு விட்டா பரவிடும்." அவள் செய்துகொடுத்த ஜோடியில் அந்த மூலை கத்தி மாதிரி இருந்தது. அப்படி இருப்பதுதான் அழகு என்று அவள் மெனக்கெட்டு வெட்டியிருந்தாள்.

அன்றைக்குத்தான் அவளுக்கு உள்ளே எல்லாம் மரத்துப்போனது. அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. கடைக்குப் போனாள், லென்ஸ் தேய்த்தாள், வந்தாள். ஒருநாள் அம்மா சாப்பாட்டில் உப்புப் போட மறந்து, எல்லாரும் தட்டைத் தள்ளி வைத்தார்கள். இவள் மட்டும் வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனாள். அம்மா அதைப் பார்த்துத்தான் பயந்தாள்.

தம்பியிடம் ஒரே ஒரு தடவை கேட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து. "நான் செஞ்சது உடைஞ்சுதாடா?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. விடுக்கா," என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வண்டியையாவது பார்க்கலாம் என்றால், கட்டிலில் கிடந்தபடியே நண்பனிடம் சொல்லி அதைப் பழைய இரும்புக் கடையில் தள்ளிவிட்டிருந்தான். நம் மனசு நோகக் கூடாதென்று மூடி மறைக்கிறான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அவன் சொல்லப்போவதில்லை, வண்டியும் இல்லை. தெரிந்துகொள்ள ஒரே வழிதான் மிச்சம். அதே அளவில், அதே கூர் மூலையோடு இன்னொன்று செய்து உடைத்துப் பார்ப்பது.

அது இப்போது அவள் கையில் இருந்தது. பிசிரை அரத்தால் தேய்த்தாள். மூலையைத் தொடவில்லை.

"மாஸ்டர், இதை பிரஸ்ல வச்சு அழுத்தணும்."

"எதுக்குக்கா? மூலையைத் தவிர நல்ல பீஸ்."

அவள் சொன்னாள். காய்கறி விலை சொல்கிற மாதிரி ஏற்ற இறக்கமில்லாமல், தம்பி விழுந்தது, மூலை, எல்லாவற்றையும் சொன்னாள். மாஸ்டரின் முகத்தில் ஈயாடவில்லை. பல் டாக்டர் லேத்தை நிறுத்திவிட்டார்.

"அன்னைக்குத் தடவிப் பாத்தது நான்தானே," என்றார் மாஸ்டர். "நான் கவனிச்சிருக்கணும்."

"விடுங்க மாஸ்டர். அழுத்துங்க."

வண்டியில் மாட்டுகிற மாதிரியே போல்ட் போட்டு இறுக்கினார். பேரிங் அழுத்துகிற ஹைட்ராலிக் பிரஸ்ஸின் கைப்பிடியை மெதுவாக அடித்தார். அழுத்தம் காட்டுகிற முள் ஏறியது. பிராக்கெட் அசையாமல் தாங்கியது, இன்னும் தாங்கியது, பிறகு பிஸ்கட்டை ஒடித்த மாதிரி ஒரு சத்தம். உள்மூலையில் நேர்க்கோடாகப் பிளந்திருந்தது.

"மெதுவா அழுத்துறது வேற, குதிச்சு இறங்குறது வேற," என்று மாஸ்டர் அவசரமாகச் சொன்னார். "இதை வச்சு ஒன்னும் முடிவு பண்ண முடியாதுக்கா."

"குதிச்சா அதிகமா தாங்குமா, கம்மியா தாங்குமா?"

அவர் கைகளைத் துணியில் துடைத்தார். கை சுத்தமாகத்தான் இருந்தது. "கம்மியாத்தான்," என்றார்.

இரண்டு துண்டையும் பையில் போட்டுக்கொண்டு அவள் பஸ் ஏறினாள். இப்போதாவது ஏதாவது தோன்ற வேண்டும் என்று பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை. அவளுடைய நிறுத்தம் வந்தது, இறங்கினாள்.

வீட்டில் தம்பி கட்டிலில் உட்கார்ந்து, கணுக்காலில் மணல் பையைக் கட்டிக்கொண்டு காலைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தான். அவள் துண்டுகளைப் போர்வைமேல் வைத்தாள்.

"என்னக்கா இது?"

"உன் பிராக்கெட் மாதிரியே இன்னொன்னு. உடைச்சுப் பாத்தேன். மூலையில போச்சு. உன் கால் போனது என்னாலதான். நீ இனிமே மறைக்க வேண்டாம்."

தம்பி காலைக் கீழே வைத்தான். துண்டுகளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"அக்கா, நான் அதை மாட்டவே இல்ல."

"எதை?"

"நீ செஞ்சு குடுத்ததை. கட்டிலுக்கு அடியில டூல் பாக்ஸ்ல இருக்கு."

அவள் குனிந்து இழுத்தாள். லென்ஸ் துணி சுற்றிய சுற்று கலையாமல் இருந்தது. பிரித்தாள். ஓட்டையைச் சுற்றி போல்ட் அழுந்திய தடம் ஒன்றுகூட இல்லை.

"ஏன்டா?"

"பயமா இருந்துச்சு. நீ கண்ணாடிக் கடைல வேலை பாக்கறவ. வகுப்புல சேந்தே கொஞ்ச நாள்தான் ஆச்சு. அதுமேல நின்னு நான் குதிக்கணும்."

"சோபா மாதிரி இருக்குன்னு சொன்னியே."

"தினமும் கேட்டுக்கிட்டே இருந்தே. வேற என்னத்தச் சொல்ல? பழசுதான் மாட்டியிருக்குன்னு உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் வண்டியையே தள்ளிவிட்டேன்."

"அப்புறம் எப்படித்தான் விழுந்தே?"

"குதிச்சு இறங்கினதும் திருப்பினேன். முட்டி ஹேண்டில்பார்ல இடிச்சுது."

அக்கா எழுந்தாள். மாட்டியிருந்தால் உடைந்திருக்கும். மாட்டாததால் இடித்தது. ஆக, நடந்ததற்கு அவள்மேல் பழி இல்லை. இதைக் கேட்பதற்காக எத்தனை நாள் ஏங்கியிருக்கிறாள். நிம்மதி வர வேண்டிய இடத்தில் கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. உப்பில்லாத சோற்றைத் தின்றது, பேயறைந்த மாதிரி திரிந்தது, எல்லாம் மாட்டாத ஒரு துண்டு அலுமினியத்துக்காக. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இந்தத் தடியன். அதைவிட எரிச்சல், அவன் அவளை நம்பாமல் போனதுதான் சரி என்பது.

தம்பி ஒரு துண்டை எடுத்து, பிளந்த இடத்தை விரலால் நெருடினான்.

"மூலையை வளைச்சு விட்டா தாங்குமாக்கா?"

"தாங்கும்."

"அப்போ அப்படியே ஒரு ஜோடி செய்யேன். கால் சரியானதும் வேற வண்டி வாங்குவேன்."

"செஞ்சா நீ மாட்டுவியா?"

அவன் வாயைத் திறந்தான். மாட்டுவேன் என்று சொல்லிவிட்டுப் போவது அவனுக்குப் பெரிய காரியமில்லை, அதில் அவன் கைதேர்ந்தவன். அதைச் சொல்லாமல் அந்தத் துண்டைப் போர்வைமேல் திரும்ப வைத்தான்.

"தெரியலக்கா," என்றான்.

அக்காவுக்கு அழுகை வந்தது. நின்றபடி அழ முடியாமல் கட்டில் ஓரத்தைத் தேடினாள். தம்பி மணல் பையோடு காலை நகர்த்தி இடம் விட்டான்.