வீட்டில் இரண்டு பேர்

சமாதான காலம் என்று வானொலி சொல்லி இரண்டு வருடமாகியும் பேச்சியம்மா அதை நம்பவில்லை. ஜீப் சத்தம் கேட்டதும் மகன்மார் இருவரும், கைக்குழந்தையோடு மருமகளும் பின்பக்க முட்புதர்ப் பற்றைக்குள் போய்விட்டார்கள். கொடியில் காய்ந்த சட்டைகளை அவள் சுருட்டி அடுப்படிக்குள் எறிந்தாள். பிள்ளைகளைப் பிடித்துப்போகப் பேர் எழுத வருகிறவர்கள் எந்தப் பக்கத்தாராக இருந்தாலும் இதுதான் வழக்கம். “நானே கூப்பிட்டாலும் வரக்கூடாது” என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தாள். மிரட்டிக் கூப்பிட வைக்கலாம் அல்லவா?

வந்தவர் அமிர்தநாயகம், மணல் கொம்பனி ஆள். ஒரு வாரமாகக் கடலோரத்தில் இரும்புக் குழாய் இறக்கிக் கறுப்பு மணல் எடுத்துப் பார்க்கிறவர். குழாய் இறங்கிய இடமெல்லாம் சிவப்புத் துணி கட்டிய முளைகள். கலவரத்துக்குத் தப்பி மலையகத்திலிருந்து வந்த இந்த நாற்பது வீட்டுக்காரரும் காணி உறுதிப் பத்திரம் கேட்டுப் போனபோதெல்லாம், “அது சரணாலயம், ஒரு தடியும் வெட்டப்படாது” என்று அரசாங்கக் கந்தோரில் கலைத்துத் துரத்தினார்கள். இப்போது சரணாலயத்துக்குள் முளை.

“வீட்டில எத்தினை பேர், அம்மா?”

“ரெண்டு பேருதான். நானும் அவரும்.”

அவள் கணவர் லெட்சுமணன் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“பிள்ளையள்?”

“கொழும்புல, கடையில வேலை.”

அமிர்தநாயகம் அடையாள அட்டை கேட்கவில்லை. அதுதான் அவளை உறுத்தியது.

“பக்கத்து வீட்டு செல்லாயியும் தனி ஆளாம்,” என்று சிரித்தார். “தனி ஆளுக்கு எவ்வளவு பெரிய சோத்துப் பானை!”

பொய் தெரிந்தும் ஏன் கோபப்படவில்லை?

“மண்ணு எடுக்கிறவங்களுக்கு ஆள் கணக்கு எதுக்குங்க?”

அமிர்தநாயகம் ஜீப் பக்கம் திரும்பினார். தாளை மடித்தபடி சாரதியிடம் சொன்னார்: “நாப்பது வீட்டில எழுபத்தொரு சனம். எல்லாரும் டவுனுக்குப் போயிட்டினம். அங்க நிக்க இடமில்லை, இங்க நரி ஓடுது. ஆளில்லாக் காணி எண்டு எழுதலாம். அனுமதி லேசாக் கிடைக்கும். இருக்கிற கொஞ்சப் பேரை எழுப்பி அனுப்பிறது பெரிய வேலையில்லை.”

பேச்சியம்மா அவர் முன்னால் போய் நின்றாள்.

“நில்லுங்க ஐயா! ஆறு பேரு. நாங்க ஆறு பேரு!”

“ஆறோ? எங்க, காட்டுங்கோ.”

அவள் பற்றையைப் பார்த்துக் கத்தினாள். “தங்கையா! காத்தமுத்து! வெளிய வாங்கடா!”

ஓர் இலையும் அசையவில்லை. குழந்தையின் சிணுங்கல்கூட இல்லை. மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை குரல் உடைந்தது. உடைந்த குரலைக் கேட்டால் அவர்கள் இன்னும் உள்ளே போவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அமிர்தநாயகம் மரியாதையாகக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு பேனையை மூடினார்.

பிள்ளைகளைக் கூட்டிவர அவள் முள்ளுக்குள் ஓடினாள். பின்னால் ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது.