அவன் வேண்டாம் என்றான்

ஆய்வுக்கூடத் தொட்டியில் உருவாக்கப்பட்டு வேலைக்கு விற்கப்படுகிறவர்களைப் பெரிய ஆஸ்பத்திரிகளில் சேர்ப்பதில்லை. தாய் வயிற்றில் பிறக்காததால் சட்டத்தின் பார்வையில் அவர்கள் மனிதர்கள் இல்லை. ஆகவே நாய்க்கும் மாட்டுக்கும் வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மாவிடம்தான் வருவார்கள்.

அன்று காலை லாண்டரி முதலாளி, தான் வாங்கி வேலைக்கு வைத்திருந்த மொட்டையைக் கொண்டுவந்தார். இஸ்திரி இயந்திரத்தில் சிக்கி அவன் வலது கை முழங்கைவரை நசுங்கிப்போயிருந்தது.

"ஊசி போட்டு முடிச்சிடுங்க டாக்டரம்மா. அது படற பாட்டைப் பாக்க முடியல."

"கையை எடுத்துட்டா பிழைச்சுக்குமே?"

"ஒத்தைக் கையோட லாண்டரியில என்ன பண்ணும்?"

முதலாளி கெட்டவர் இல்லை. கண் கலங்கித்தான் நின்றார். டாக்டரம்மாவும் மறுபேச்சுப் பேசாமல் மருந்தை ஊசியில் ஏற்றினார். அவருக்கு இது புதிதில்லை.

உள்ளே மொட்டை மேஜையில் கிடந்தான். வலி மருந்து கொடுத்திருந்ததால் தெளிவாகவே இருந்தான். "மேஜை நீளம் பத்தல. கால் தொங்குது," என்றான்.

நாய்களுக்காகச் செய்த மேஜை அது. டாக்டரம்மா ஒரு ஸ்டூலை இழுத்து அவன் காலுக்கு முட்டுக் கொடுத்தார். ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"நீங்களே போய் அவன்கிட்ட விஷயத்தைச் சொல்லுங்க. சரின்னான்னா போடறேன்."

"நல்ல கூத்தா இருக்கே! நாய்கிட்ட கேட்டுட்டா ஊசி போடறீங்க?"

"நாய் பதில் சொல்லாது. இவன் சொல்லுவான்."

முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போன முதலாளி வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. பூனைக்கூடையோடு காத்திருந்த பெண்ணின் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"வேணாங்கறான்."

"காரணம் ஏதாவது சொன்னானா?"

"நான் இல்லாட்டி வேலை கெட்டுப்போகும்னு கெஞ்சுவான்னு நெனச்சேன். ஒண்ணும் இல்ல. சும்மா வேணாம்னான்." இப்போது அவர் 'அது' என்று சொல்லவில்லை.

அன்று மதியமே கையை எடுத்தார்கள். காயம் ஆறியதும் மொட்டை கடை முகப்பில் உட்கார்ந்து துணி வாங்கிப்போட ஆரம்பித்தான். "தண்டச்சோறு" என்று முதலாளியின் மனைவி திட்டினாள். ஆனாலும் அவனை அனுப்பிவிடச் சொல்லவில்லை.

விஷயம் கால்நடை மருத்துவக் கவுன்சிலுக்கு எட்டியது. மிருகத்திடம் சம்மதம் கேட்டுத் தொழிலைக் கேலிக்கூத்தாக்கினார் என்று டாக்டரம்மாவின் உரிமத்தைச் சில மாதங்களுக்கு நிறுத்திவைத்தார்கள். அவர் வாதாடவில்லை.

வீட்டில் கணவர் மட்டும் ஒரு நாள், மடித்துக்கொண்டிருந்த போர்வையின் மறுமுனையைப் பிடித்தபடி கேட்டார்: "நீ செஞ்சதைத் தப்புன்னு சொல்லல. ஆனா இதுக்கு முன்னாடி வந்தவங்ககிட்ட ஏன் கேக்கல?"

"தோணல," என்றார் டாக்டரம்மா.

போர்வையை அலமாரியில் வைத்துவிட்டு டாக்டரம்மா வாசல் பக்கம் போய் நின்றார். சாப்பிடக் கூப்பிட்டபோதுகூட உடனே வரவில்லை.