நாற்பத்தொன்றாம் மனை

அது நடந்தது வடக்குச் சரிவுக்குத் தார் போட்ட ஆண்டா, அதற்கு அடுத்த ஆண்டா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. என் ஞாபகம் ஓட்டை விழுந்த இடங்களில் தானாகவே எதையாவது இட்டு நிரப்பிக்கொள்ளும். ஆனால் கிழமை செவ்வாய், நேரம் காலை பத்து. அப்போதுதான் மூன்றாம் தெருவின் நாற்பத்தொன்றாம் மனை, அதில் கட்டிய வீட்டோடும் உள்ளே இருந்த கணவன் மனைவியோடும், இடமில்லாமல் போனது. நாற்பதின் சுவரும் நாற்பத்திரண்டின் சுவரும் ஒட்டி நின்றன. நடுவே ஒரு தபால் அட்டைகூட நுழையாது.

அந்த மலையை மனைகளாகப் பிரித்த வரைபடக்காரருக்குக் காரணம் உடனே தெரிந்தது. சரிவில் அளக்கும்போது டேப்பை மட்டமாகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். தரையோடு படுக்கவிட்டால் நீளம் கூடிவிடும். மூன்றாம் தெருவில் இருபத்தேழு அடி அகலத்தில் பதினெட்டு மனைகள்தான் கொள்ளும். பதினெட்டும் விலைபோன பிறகு அவருடைய தங்கை, தனக்கும் ஒன்று வேண்டும் என்றாள். அவர் அந்தத் தெருவை மட்டும் டேப்பைப் படுக்கவிட்டு மறுபடி அளந்தார். வரைபடத்தில் பத்தொன்பது வந்தது. அலுவலகம் முத்திரை வைத்தது. தங்கை நடுவில் வீடு கட்டிக் குடிபோனாள். மலை பொறுத்துக்கொண்டது. கடைசி மனைக்காரர் தன் பங்கை மட்டமாக அளந்து சுற்றுச்சுவரை முடித்த செவ்வாயன்று நிலம் தீர்ந்தது.

வரைபடக்காரர் ஓடிவந்தபோது சுவருக்குள்ளிருந்து தங்கையின் குரல் கேட்டது.

"அண்ணா, வாசல்லதான் நிக்கிறேன். நீ எங்க நிக்கிற?"

"நானும் உன் வாசல்லதாம்மா நிக்கிறேன்."

உள்ளே தண்ணீர் வந்தது, விளக்கு எரிந்தது, வெயிலும் அடித்ததாம். தெருவைத்தான் காணவில்லை. மின்வாரியக்காரர் மாதாமாதம் நாற்பத்தொன்றின் கணக்கைக் குறித்துப்போனார். எப்படி என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

அலுவலகத்தில், வரைபடத்தைத் திருத்துவதென்றால் ஒரு மனையை அடித்துவிட வேண்டும் என்றார்கள்.

"அடிச்சா, உள்ள இருக்கறவங்க?"

"அதுக்கு எங்ககிட்ட படிவம் இல்லீங்களே," என்றார் அதிகாரி, உண்மையான வருத்தத்தோடு.

இன்னொரு வழி இருந்தது. பதினெட்டு பேரும் ஆளுக்கு ஒன்றரை அடி சுவரைத் தள்ளிக் கட்டினால் இருபத்தேழு அடி கிடைத்துவிடும். வரைபடக்காரர் வீடுவீடாக ஏறி இறங்கினார். எல்லோரும் உட்காரச் சொன்னார்கள். எல்லோருக்கும் அவள்மேல் இரக்கம் இருந்தது. "என் கார்ல இப்பவே ஒரு பக்கக் கதவுதான் திறக்குது. என் வீட்டுக்காரி ஜன்னல் வழியா ஏறுறா," என்றார் நாற்பத்திரண்டாம் மனைப் பல் டாக்டர். "உங்க தங்கச்சி பேசுறது எங்களுக்கும் கேக்குது சார். பாவமாத்தான் இருக்கு. அதுக்காக?" பதினேழு பேர் சம்மதித்தாலும் போதாது என்பதால், ஒருவரும் முதலில் சம்மதிக்கவில்லை.

டேப்பைப் படுக்கவிட்டதை ஒருநாள் அவர் சுவரிடம் சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் அவள் குழாயை மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "எனக்காகத்தானே பண்ணின, விடு," என்றாள். அவள் திட்டியிருக்கலாமே என்று அவர் பல வருடங்கள் நினைத்துக்கொண்டிருந்தார்.

மலையை மனைபோட்டு விற்ற முதலாளி எதிர்மலையை வாங்கினார், அதுவும் விற்றுப்போனது. அதிகாரி பதவி உயர்ந்து கடலோரத்துக்கு மாறிப்போனார். பல் டாக்டர் காரை விற்றுவிட்டார், சுவரைத் தள்ளவில்லை. சுவருக்குள் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவளுக்கு இப்போது பதினோரு வயது; மாமா என்று கூப்பிடுவாள், அவர் முகம் தெரியாது. வரைபடக்காரர் வேலையை விட்டுவிட்டு நாற்பதாம் மனையின் பின்னறையில் வாடகைக்கு இருக்கிறார். தங்கை நன்றாக இருக்கிறாள். அப்படித்தான் சொல்கிறாள்.