காத்தாயி வயலில் விழுந்த கல்

வலங்கைமானுக்குத் தெற்கே மூன்று மா நிலம். பன்னிரண்டு வருஷமாக அதில் உழுது, நட்டு, அறுத்து, குத்தகை நெல் அளந்தவள் காத்தாயி. புருஷன் செத்த வருஷம்கூட அவள் அதைத் தரிசு போடவில்லை. இருந்தும் என்ன? குத்தகைக்காரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றச் சட்டம் வந்ததும், மிராசுதார் குஞ்சிதபாதம், "அவள் என்னிடம் தினக்கூலி" என்று தாசில்தாரிடம் சொல்லிவிட்டார். ரசீது கொடுத்துக் குத்தகை வாங்கிய மிராசுதார் அந்தப் பக்கம் யார் இருந்தார்? காத்தாயியிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. பெயர் ஏறாவிட்டால் அடுத்த நடவுக்கு அவள் வயலில் கால் வைக்க முடியாது.

இந்த இழுபறியில்தான் ஒருநாள் பட்டப்பகலில், களை பறித்துக்கொண்டிருந்தவளுக்குப் பத்தடி தள்ளி, இடி விழுந்தாற்போல ஒரு கல் வந்து சேற்றில் புதைந்தது. தேங்காய்ப் பருமன், கன்னங்கரேலென்று இருந்தது. கனமோ கனம். கழுவி எடுத்துப்போய்த் தவிட்டுப் பானைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? உள்ளே வைரம் இருக்கிறதாம் என்று கிளப்பிவிட்டது. குஞ்சிதபாதத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. அன்றைக்கே கல்லைக் கேட்டுத் தாசில்தாருக்கு ஒரு மனு எழுதிப் போட்டார்.

விசாரணைக்குக் காத்தாயி கல்லைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தாள். அதைப் பார்க்கத் தஞ்சாவூரிலிருந்து நிலவியல் அதிகாரி அரசப்பன் வந்திருந்தார். கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது பூமியில உண்டான கல்லு இல்லம்மா. ஆதியில வெறும் புழுதியும் ஆவியும்தான் மேகமாச் சுத்திக்கிட்டிருந்துச்சு. நடுவுல திரண்டது சூரியன். மிச்சப் புழுதி ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, உருண்டு, பூமி, செவ்வாய், வியாழன்னு ஆச்சு. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல இருந்த துண்டுங்க மட்டும், வியாழன் இழுத்த இழுப்புல ஒண்ணு சேர முடியாமப் போச்சு. இது அதுல ஒண்ணு. வயசு நானூத்தம்பது கோடி வருஷம்."

காத்தாயி யோசித்தாள். "களத்துல நெல்லை அள்ளிக் குமிச்சப்புறம் சிந்திக் கெடக்குற மணி மாதிரிங்களா?"

"அதேதான்."

"எங்க ஊர்ல அது களம் கூட்டுறவளுக்குங்க."

தாசில்தார் சிரிப்பை அடக்கிக்கொண்டார். குஞ்சிதபாதத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "கதையெல்லாம் எதுக்கு? என் மனுவைப் படிக்கச் சொல்லுங்க."

குமாஸ்தா படித்தார்: "எனது நிலத்தைப் பன்னிரண்டு வருஷமாகக் குத்தகைக்குச் சாகுபடி செய்துவரும் காத்தாயி, அதில் விழுந்த கல்லை அபகரித்துத் தன் வீட்டில்..."

காத்தாயி சட்டென்று எழுந்து நின்றாள். "ஐயா, அந்த மொத வரிய இன்னொருக்கா படிங்க."

படித்தார். மிராசுதார் முகத்தில் ஈயாடவில்லை.

"அது... அவசரத்துல எழுதினது."

"கையெழுத்தும் அவசரத்துல போட்டதுங்களா?" என்றார் தாசில்தார், பதிவேட்டைப் பிரித்துக்கொண்டே.

கல் சர்க்காருக்குப் போனது. அது அங்கேதான் போகவேண்டும் என்றார்கள், காத்தாயிக்கு வருத்தமில்லை. அரசப்பன் அதன்மேல் ஒட்டச் சீட்டு எடுத்தார். "எங்க விழுந்துச்சுன்னு எழுதட்டும்மா?"

"காத்தாயி சாகுபடி வயல்னு எழுதுங்க."

பதிவேட்டில் அவள் பெயர் ஒன்று, கல்லில் ஒன்று. இரண்டையும் எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவள் வெளியே வந்தாள். இத்தனை வருஷமும் வாய்க்கால் கரையோடு சுற்றிக்கொண்டு வயலுக்குப் போனவள், அன்றைக்கு மிராசுதார் வீட்டுத் தெரு வழியாக, வெறுங்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தாள். கல் விழுந்த அன்று விட்ட களை வயலில் மிச்சம் இருந்தது.